குச்சிக்கு வைத்த செம்பருத்தி எண்ணெய்

குதிரை வால் விஷயத்தை அப்புறம் சொல்கிறேன் டீச்சரம்மா. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நான் புதன்கிழமை எதற்குத் திண்டுக்கல் ஓடினேன் என்று தெரிந்துபோகும், அப்புறம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சம் மெல்லப் பேசுவோம். மருமகள் உள்ளே வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வாசிப்பு நிற்கிற இடத்தில் நம் பேச்சும் நிற்க வேண்டும். இல்லையென்றால் இந்த மதில் தாண்டி அவள் காதுக்குப் போய்விடும்.

எழுதிக்கொள்வதென்றால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து தெரியாது. பஸ் நெற்றியில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்பதைக்கூடப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவேன். அதனால் நீங்கள் எழுதியதை நான் சரிபார்க்கப் போவதில்லை. என் பேச்சைக் கொஞ்சம் தலை சீவி, பொட்டு வைத்து எழுதுங்கள். எண்ணெய் மட்டும் வைக்க வேண்டாம். எண்ணெய் வைத்து நான் பட்டது போதும்.

இன்று சாயங்காலம் ஆத்தூர்க் கோயில் மண்டபத்தில் மருமகளுக்குக் கச்சேரி. எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு வருடத்தில் இதுதான் முதல் மேடை. அவள் தலைக்குத்தான் இந்த மல்லிகையைத் தொடுக்கிறேன். ஏன் எட்டு வருடம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், என் வாயில் எதுவும் தங்காது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் வயலினை எடுத்து வாசித்தாள். நான் அடுப்படியில் இருந்தபடியே, "அந்தப் பூனைக்கு யாராச்சும் சோறு வைங்கடி" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பெட்டியைப் பரண்மேல் வைத்தாள். அது கீழே இறங்க நாலு வருடம் ஆயிற்று. அப்புறம்தான் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குச் சாயங்காலக் காபி இறங்காது. ஆனால் பூனைப் பேச்சை நான் மறக்கவில்லை. அவள் மறந்தாளா என்று கேட்கத் தைரியமும் வரவில்லை. அதனால் இந்தக் கச்சேரிக்கு என் கையால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது. செய்தேன். நன்றாகச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கொடைரோட்டுக்குக் கிளம்பினாள். அவளுடைய சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம், மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவாள். விசேஷ வீட்டில் பிள்ளைகள் வயலினைப் பிய்த்துவிடுவார்கள் என்று பெட்டியை என்னிடம் ஒப்படைத்து, "அத்தே, இத கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னால் நான் கதவைப் பூட்டிவிட்டு உட்காருகிற ஆளா? கோழிக்குஞ்சைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அதற்கு மஞ்சள் தடவுகிற ஆள்.

மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். வயலின் பளபளவென்று இருந்தது. ஆனால் வாசிக்கிற குச்சி இருக்கிறதே, வில் மாதிரி, அதில் இழுத்துக் கட்டியிருக்கிற முடியைப் பார்த்தால் வயிறு எரிந்தது. வெள்ளை வெளேரென்று, வறண்டுபோய், விரலை வைத்தால் மாவு மாவாக உதிர்கிறது. பொடுகு. நான் இத்தனை வருடமும் அது யாரோ என் வயசுக் கிழவி வெட்டிக்கொடுத்த முடி என்றுதான் நினைத்திருந்தேன். திருப்பதியில் இறக்குகிறார்களே, அதில் நரைத்ததை எல்லாம் இதற்கு அனுப்புவார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு பேர் முன்னால் மேடையில் உட்காரப்போகிற பிள்ளை இந்தப் பொடுகுத் தலையோடு போவதா?

சீயக்காய் கரைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன். நிழலில்தான் உலர்த்தினேன், வெயிலில் போட்டால் முடி வெடிக்கும், அந்த அறிவு எனக்கு உண்டு. அப்புறம் நான் என் தலைக்கென்று காய்ச்சி வைத்திருக்கிற செம்பருத்தி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, வேரிலிருந்து நுனி வரை மூன்று தடவை நீவிவிட்டேன். என்ன மினுமினுப்பு என்கிறீர்கள். அப்படிப்பட்ட முடி எனக்கு இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்னும் நாலு புடவை எடுத்துக்கொடுத்திருப்பார்.

அழகு பார்த்ததோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் ஆசை வந்து வயலினை எடுத்துக் குச்சியை வைத்து இழுத்தேன். சத்தம் இல்லை. அழுத்தி இழுத்தேன். விளக்கெண்ணெய் கொட்டிய தரையில் நடக்கிற மாதிரி அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. கம்பியில் எல்லாம் எண்ணெய். சோப்புப் போட்டு முடியைக் கழுவினேன். கம்பியைத் துண்டால் துடைத்தேன். அடுத்த தடவை முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி ஆயிற்று. வெள்ளிக்கிழமை கச்சேரி. இருப்பது இந்த ஒரு குச்சி. மற்றதெல்லாம் படிக்க வருகிற பிள்ளைகளின் சின்னக் குச்சிகள். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தை மட்டும் தின்றேன்.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில், பூட்டுப் பட்டறைக்கு அடுத்த கதவில் ஒரு பாய் வயலின் செய்கிறார் என்று மருமகள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அவளுடைய வயலினே அவர் செய்ததுதான். விடிந்ததும் கொல்லை முருங்கையில் நீளமான காயாகப் பார்த்து இருபது பறித்தேன். நடுவில் குச்சியை வைத்து, சுற்றிலும் முருங்கைக்காயை அடுக்கி, துண்டால் கட்டினேன். யார் பார்த்தாலும் முருங்கைக்காய்க் கட்டுதான். அந்தப் புத்தியை நினைத்து ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறும்போது எனக்கே பெருமையாக இருந்தது. கேட்பவர்களுக்கு ஒரு பொய்யும் தயார். பாட்டு வகுப்புக்கு வருகிற வாண்டு ஒன்று எண்ணெய்க் கையால் தொட்டுவிட்டது.

சந்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பூட்டுப் பட்டறைச் சுத்தியல் சத்தம் தெருமுனைக்கே வருகிறது. பக்கத்துக் கதவின் முன்னால் மூன்று நாய்கள், கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தன. உள்ளேயிருந்து ஒரு வாடை. செத்த எலியைப் பாயசத்தில் போட்ட மாதிரி. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும், மூக்கில் கண்ணாடி, மடியில் மரத்தூள். ஒரு மரப்பலகையைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கைகாட்டி முக்காலியில் உட்காரச் சொன்னார். கையிலிருந்த வேலையை முடிக்க அவருக்குச் செத்த நேரம் ஆயிற்று.

அந்தச் செத்த நேரம்தான் எனக்கு ஆகாதது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் தேன் நிறத்தில் உடைத்துப் போட்ட கட்டிகள். நம் ஊர்க் கருப்பட்டி மிட்டாய் போலவே இருந்தன. வந்தவர்களுக்கு வைத்திருக்கிறார், நல்ல மரியாதை என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனிப்பு வரவில்லை. வரும் வரும் என்று சப்பிக்கொண்டே இருந்தேன்.

பாய் திரும்பினார். நான் கட்டைப் பிரித்துக் குச்சியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தார், விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"யாரு ஆத்தா இதுக்கு எண்ணெ வச்சது?"

பொய் நுனி நாக்கில் நின்றது. வாயைத் திறக்கப் போனால் வாய் வரவில்லை. மேல் பல்செட்டும் கீழ்ப் பல்செட்டும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டன. "ம்ம்ம்" என்றேன். அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அது மிட்டாய் இல்லை, வச்சிரம். தோல் பட்டறையில் கழித்த தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. மரத்தை மரத்தோடு ஒட்டினால் நூறு வருடம் விடாதாம். ஆடா மாடா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. அவரும் சொல்லவில்லை. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் வைத்து வைத்து ஊறவிட்டுப் பல்செட் விடுபடுகிற வரைக்கும் அவர் குச்சியையும் என் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே வாடை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வாய் திறந்ததும் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. சீயக்காயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் அந்தக் குதிரை வால். அது கிழவி முடி இல்லை டீச்சரம்மா, குதிரையின் வால் முடி. நான் பொடுகு என்று நினைத்தது குங்கிலியம் மாதிரி ஒரு கட்டியைத் தேய்த்த மாவு. அந்த மாவுதான் கம்பியைப் பிடித்து இழுத்துச் சத்தம் வரவைக்கிறதாம். நான் அதைச் சுத்தமாகக் கழுவி, பிடிப்பே இல்லாமல் எண்ணெயும் போட்டிருக்கிறேன்.

"எண்ணெ ஏறுன முடி இனி பேசாது ஆத்தா. புதுசாத்தான் கட்டணும்."

"கட்டிக் குடுத்துருங்க பாய். நாளன்னைக்குக் கச்சேரி."

"முடிக்கு நான் எங்க போறது?"

அதற்கப்புறம் அவர் தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார், நான் முக்காலியை நகர்த்தி வசதியாக உட்கார்ந்துகொண்டேன். நல்ல முடிக்கு வெள்ளை ஆண் குதிரை வேண்டும். பொட்டைக் குதிரை வால் அதன் மூத்திரத்திலேயே நனைந்து கெட்டுப்போகும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர்தான் இவருக்கு முடி கொடுப்பவர். இது முகூர்த்த மாதம், வால் மெலிந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று அவர் வாலைத் தொடவிடுவதில்லையாம். குதிரை இப்படி என்றால் எலி அப்படி. வச்சிரத்தின் ருசி எலிக்குத் தெரியும், போன மாதம் ஒட்டி வைத்த வயலின் ஒன்றின் கழுத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இது வரைக்கும் எலியும் நானும்தான் அதை வாயில் வைத்திருக்கிறோம். பசை காய்ச்சினால் தெருவே சண்டைக்கு வரும், நாய்கள் மட்டும் அன்பாக வரும். சித்திரை வெயிலில் ஒட்டு விட்டுப்போகும், ஐப்பசி மழையில் பலகை உப்பிக்கொள்ளும். சத்தம் அடங்கிப்போச்சு என்று ஒருவர் கொண்டுவந்த வயலினுக்குள் குளவி மண்கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இன்னொருவர் வீட்டுச் சுவர் நிறத்துக்குப் பொருத்தமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

"எல்லாத்தயும் பாத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் பாய். "குச்சிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனவுக நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு இதில் என்ன சந்தோஷமோ, பரிசு வாங்கிய மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மருமகள் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பூனைக் கதையையும் சொல்லிவிட்டேன். எட்டு வருடம் கழித்து அவள் மேடை ஏறப்போகிற நேரத்தில் என் வாயால் கெடுத்தது போதாதென்று கையாலும் கெடுத்துவிட்டேன் என்றேன். பாய் மேலே பார்த்தார். உத்தரத்தில் ஒரு வயலின் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் வர்ணம் பூசாதது, யாரும் கேட்காமல் தன் ஆசைக்காக அவர் செய்வது. அதன் குச்சிக்கென்று காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரு கற்றை முடியை அலமாரியிலிருந்து எடுத்தார்.

"அது காத்திருக்கும். அதுக்கு மேடையா, கச்சேரியா."

முடியைச் சீவிச் சிக்கெடுத்து, குட்டையையும் சுருளையும் பொறுக்கித் தள்ள வேண்டும். அதை நான் செய்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தலை சீவியவள் நான். சீவியதைப் பார்த்துவிட்டு, கை நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் போதும் எனக்குத் தலைக்கு ஏற. கற்றையின் முனையில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்றதும், அதுவும் எனக்கே என்றேன். எங்கள் தோட்டத்து மல்லிகையை எத்தனை வருடமாகத் தொடுக்கிறேன், நான் போட்ட முடிச்சு பூ வாடினாலும் அவிழாது. நாலு சுற்றுச் சுற்றி, குறுக்கே விட்டு, இழுத்து, அழகான ஒரு முடிச்சைப் போட்டு நீட்டினேன்.

பாய் அதை உற்றுப் பார்த்தார். குச்சியின் நுனியில் நெல்மணி அளவில் ஒரு பள்ளம். முடிச்சை அதற்குள் வைத்து மர ஆப்பு அடிக்க வேண்டும். என் முடிச்சு கொண்டைக்கடலை அளவு இருந்தது. மறுபடி கட்டினேன். இந்தத் தடவை பட்டாணி. மூன்றாம் தடவை நான் கையைக் கட்டிக்கொண்டேன், அவர் கட்டினார். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, நூல் இருப்பதே தெரியவில்லை.

ஆப்பு அடித்து, முடியை நனைத்துச் சீவி, அடுத்த முனையையும் கட்டி, காய வைத்து, அந்தக் குங்கிலியக் கட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வாசித்துப் பாருங்கள் என்றேன். கைகாட்டி நிறுத்தினார். பூட்டுப் பட்டறைச் சுத்தியல் அடிக்கிற வரைக்கும் எந்தச் சத்தத்தையும் நம்ப முடியாதாம். தினமும் அவர்கள் சாப்பிடப் போகிற அரை மணி நேரம்தான் இவருக்குக் காது. நாங்கள் இருவரும் குச்சியை நடுவில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் எப்போது சோறு தின்னப் போவான் என்று உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மணிக்குச் சுத்தியல் நின்றது. தெருவே திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பாய் ஒரு வயலினை எடுத்துக் குச்சியை வைத்து மெல்ல இழுத்தார். வெறும் காற்று. இன்னும் கொஞ்சம் மாவு தேய்த்தார். மறுபடி இழுத்தார். கரகரவென்று கீச்சிட்டு ஒரு சத்தம், அடுப்படிப் பக்கம் பசித்து வந்து நிற்கிற பூனை மாதிரியே. அந்தப் பூனைச் சத்தம் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது டீச்சரம்மா. அப்புறம் இழுக்க இழுக்கத் தெளிந்து, எங்கள் வீட்டுச் சத்தம் வந்தது.

முருங்கைக்காயில் பாதியை அவருக்கு வைத்தேன். மீதியைத் தொட மாட்டேன் என்றார், குச்சியை மறைக்க வேண்டுமே. மறுபடி நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பக்கத்தில் நின்றவரைக் கேட்டு, சரியான பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? கொடைரோட்டிலிருந்து வெள்ளனவே கிளம்பிவிட்ட என் மருமகள்.

"என்ன அத்தே, திண்டுக்கல்லுக்கா வந்தீக?"

"முருங்கக்கா விக்க வந்தேன்."

"அப்பறம் ஏன் திருப்பிக் கொண்டு போறீக?"

"வெல படியல."

ஒரு கட்டு முருங்கைக்காயை விற்க நான் பஸ் ஏறி வந்திருக்கிறேனாம். அதை நம்புவதற்கு எங்கள் வீட்டுக் கோழியைத்தான் தேட வேண்டும். கீழே வையுங்கள் அத்தை என்று கட்டை வாங்க வந்தாள். நான் பச்சைப்பிள்ளையை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டேன். பஸ் குலுங்குகிற இடத்தில் எல்லாம் கட்டை மேலே தூக்கிப் பிடித்தேன். அவள் நடைபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கால் கழுவப் போன நேரத்தில் குச்சியைப் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே வெல்வெட்டில் ஓர் எண்ணெய்ப் பொட்டு இருந்தது, அதன்மேல் முகப் பவுடரைத் தூவி மூடினேன். அன்று சாயங்காலமே எடுத்து வாசித்தாள். நான் அடுப்படியில் கையில் கரண்டியோடு நின்றேன். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. நேற்றும் வாசித்தாள், இன்று காலையிலிருந்தும் வாசிக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கச்சேரி முடியட்டும், நாளைக்குக் காபி கொடுக்கும்போது சொல்லிவிடலாம், பூனைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நேற்று முழுக்க அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதல் வரி மட்டும் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நீங்களாவது...

இருங்கள். வாசிப்பு நின்றுவிட்டது.

"அத்தே, பேசுனது போதும், தல சீவி விட வாங்க. நேரமாச்சு. செம்பருத்தி எண்ணெ மிச்சம் இருக்கா, இல்ல அம்புட்டையும் குச்சிக்கே தடவிட்டீகளா?"

கேட்டீர்களா. சிரிக்கிறாள் பாருங்கள். பெட்டியில் இருந்த எண்ணெய் வாடையே காட்டிக்கொடுத்திருக்கிறது. பஸ்ஸிலும் அந்தத் தோள் தூங்கவில்லை, சிரித்திருக்கிறது. வாரேன் தாயீ, வாரேன். எண்ணெய்க் கிண்ணம் அடுப்படியில், சீப்பு எங்கே வைத்தேனோ தெரியவில்லை. டீச்சரம்மா, இந்த மல்லிகைச் சரத்தை அப்படியே உங்கள் பக்கத்துச் சுவரில் வைத்திருங்கள், கடைசி முடிச்சு இன்னும் போடவில்லை, அவிழ்ந்துவிடப் போகிறது. நான் போய் அவள் தலையைப் பின்னிவிட்டு வருகிறேன்.